ஷூவுக்குள் ஒரு மைக்

என் குரலுக்கு ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான கால்கள் ஓடின. பெருமைக்குச் சொல்லவில்லை, அதுதான் என் வேலை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டைம் ஆபீஸில் இருந்தேன். காலையில் வருகைப் பதிவு, மாலையில் மைக். ஷிப்ட் முடிந்ததும் எந்த ஊர் பஸ் எந்த கேட்டில் நிற்கிறது என்று நான்தான் சொல்ல வேண்டும். "ஒடுகத்தூர் பஸ் ரெண்டாவது கேட். ஆலங்காயம் பஸ் மூணாவது கேட். ஓடாம வாங்க, பஸ் நிக்கும்."

கடைசி நாலு வார்த்தையை யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஒருநாள் ஒடுகத்தூர் அக்கா ஒருவர் டிபன் பையோடு ஓடிவந்து வழுக்கி விழுந்ததைப் பார்த்துவிட்டு நானே சேர்த்துக்கொண்டது. சொன்னால் மட்டும் போதுமா? பஸ் நிற்க வேண்டுமே. டைம் ஆபீஸ் ஜன்னலிலிருந்து கையைக் காட்டுவேன். டிரைவர் முறைப்பார், ஆனால் நிற்பார். அந்த அக்கா தினமும் கடைசி ஆளாக ஏறி, படியில் நின்றபடி என் ஜன்னலைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது.

பிறகு கேட்டுக்கு மேலே சிவப்பு எழுத்து ஓடும் போர்டு மாட்டினார்கள். டைம் ஆபீஸில் ஆளைக் குறைத்தார்கள். குறைந்த ஆள் நான். அதே கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கும் என் வீட்டுக்காரர் மட்டும் தினமும் போய்வந்துகொண்டிருந்தார். நான் வீட்டில் உட்கார்ந்து கேஸ் சிலிண்டர்காரரிடமும் கீரைக்காரரிடமும் மைக் குரலில் பேசிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் அவர் போனை நீட்டினார். சென்னையில் ஒரு ஸ்டுடியோ, ஷூ கம்பெனிகளுக்காகப் பாதுகாப்புப் பயிற்சி வீடியோ எடுக்கிறதாம். எந்த மெஷினில் கையை எங்கே வைக்கக் கூடாது, பசை வாடை அடித்தால் என்ன செய்ய வேண்டும், இப்படி. நம் பக்கத்துப் பெண்களுக்குப் புரிகிற மாதிரி பேசும் குரல் தேடுகிறார்கள். நான் போனிலேயே நாலு வரி பேசி அனுப்பினேன். மறுநாளே ஸ்டுடியோ இன்ஜினியர் கூப்பிட்டார்.

"மேடம், குரல் புடிச்சிருக்கு. ரூம் புடிக்கல."

வேலை கிடைத்தால் மாதக்கணக்கில் வீட்டிலிருந்தே பேசி அனுப்ப வேண்டும். அதனால் வீட்டிலேயே சுத்தமாகப் பதிவு செய்ய முடியும் என்று நான் காட்டியாக வேண்டும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒரே ஒரு சுத்தமான பதிவு. வராவிட்டால் கோயம்புத்தூரில் இன்னொரு அம்மா தயாராக இருக்கிறார்.

கோயம்புத்தூர் அம்மா நன்றாக இருக்கட்டும். ஆனால் என் ஒடுகத்தூர் அக்காவிடம் கையை எடுங்க என்று அவர் சொல்வதா? எனக்கு அது ஆகவே ஆகாது. பஸ்ஸுக்கு ஓடிவந்த அந்தப் பெண்கள் எல்லாரும் இன்னொரு தரம் என் குரலைக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை வேண்டுகிற அளவுக்கு எனக்கு வெறி பிடித்திருந்தது.

அன்றிலிருந்து மைக் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். எல்லாவற்றிலும் ஒரு தாடிக்காரர், கறுப்புச் சுவர், ஊதா விளக்கு. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரலில் மைக்கின் குணநலன்களை, பெண் பார்க்க வந்த இடத்தில் தரகர் சொல்வதுபோலச் சொல்வார். அவர்கள் ஊரில் குக்கரே விசில் அடிக்காது போலிருக்கிறது. நாலு நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. காய் நறுக்கும்போதுகூட மைக் பேரை முணுமுணுத்தேன். கடைசியில் ஒரு பெரிய கண்டென்சர் மைக்கின் மேல் மனசு விழுந்துவிட்டது. வெள்ளிப் பளபளப்பு, கையில் பிடித்தால் கனம், சின்னச் சத்தத்தைக்கூட விடாமல் பிடிக்கும் என்று தாடிக்காரர் சத்தியம் செய்தார்.

வேலூரில் சர்ச்சுகளுக்கு கீபோர்டும் ஸ்பீக்கரும் விற்கிற ஒரு கடையில் அது இருந்தது. போய் நின்றோம். கடைக்காரர் மைக்கைக் கையில் கொடுத்ததும் என் வீட்டுக்காரர் அதைத் தோலைப் பார்ப்பதுபோலப் பார்க்க ஆரம்பித்தார். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பினார். கட்டைவிரலால் அழுத்தினார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, கழுத்துச் சுருக்கம் என்று நாளெல்லாம் குற்றம் தேடுகிற கண் அது. சும்மா இருக்குமா?

"இங்க ஒரு கீறல் இருக்குது. இது பி கிரேடு. வேற எடுங்க."

"சார், மைக்குல கிரேடு கிடையாது சார்."

"எல்லாத்துலயும் உண்டு."

மூன்று பெட்டியைப் பிரித்த பிறகுதான் அவருக்கு ஏ கிரேடு கிடைத்தது. கடைக்காரர் பேஜாராகிப்போய் என்னிடம், "பேசிப் பாருங்கம்மா" என்றார். எல்லாரும் ஹலோ ஹலோ என்பார்கள். என் வாயில் தானாக வந்தது, "ஆலங்காயம் பஸ் மூணாவது கேட்." கடையில் கிட்டார் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு, பாவம் என்கிற மாதிரி மறுபடி கிட்டாரைப் பார்த்தார்கள். நான் ஆகாயத்தில் மிதந்தபடி வீடு வந்து சேர்ந்தேன்.

தாடிக்காரர் பொய் சொல்லவில்லை. அந்த மைக் ஒரு சத்தத்தையும் விடவில்லை. படுக்கையறையில் உட்கார்ந்து, ஸ்டுடியோ அனுப்பிய வசனத்தில் ஒரு பக்கம் படித்துவிட்டு ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். சரக்கு ரயில் முழுசாக, ஒவ்வொரு பெட்டியாகப் போனது. பள்ளிவாசல் பாங்கு ஒன்று, அதற்குக் கொஞ்சம் பிந்தி இன்னொரு பள்ளிவாசல் பாங்கு ஒன்று. வெங்காய வண்டியின் ரெக்கார்டு குரல். இரண்டு வீடு தள்ளி யாரோ தேங்காய் துருவினார்கள். அதையெல்லாம்விட, மேல் வீட்டு பாபியின் மெஷின். உருதுவில் அண்ணி என்று நாங்கள் கூப்பிடுகிற இந்த பாபி, அப்பர் தைப்பவர். ஷூவின் மேல்பாகத் துண்டுகளைக் கம்பெனியிலிருந்து வாங்கிவந்து, வீட்டு மெஷினில் சேர்த்துத் தைத்துத் திருப்பிக் கொடுப்பார். என் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வரிசை தையல் போட்டிருந்தார். நடுவில் எங்கேயோ நானும் பேசிக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் பதிவையே இன்ஜினியருக்கு அனுப்பிவிட்டேன்.

"மேடம், நீங்க ஸ்டேஷன் பிளாட்பாரத்துலயா குடியிருக்கீங்க?" என்றார். பிறகு பொறுமையாகச் சொன்னார். "கண்டென்சர் மாமியார் மாதிரி மேடம், அடுப்படியில கிசுகிசுத்தாலும் கேக்கும். டைனமிக் மைக் புருஷன் மாதிரி, மூஞ்சிக்கு நேரா போய் சொன்னாதான் கேக்கும். உங்க வீட்டுக்கு புருஷன்தான் சரி. அப்புறம் ஒரு சின்ன ரூமா பாத்து சுவர்ல மெத்துனு எதையாவது ஒட்டுங்க. கை தட்டிப் பாருங்க. தட்டுன சத்தம் திரும்பி வரக் கூடாது."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள். மறுபடி வேலூர். எங்களைப் பார்த்ததும் கடைக்காரர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. ஆனாலும் நல்ல மனுஷர். வெள்ளி மைக்கை வாங்கிக்கொண்டு, கறுப்பாக, சாதாரணமாக, பார்த்தால் யாருக்கும் ஆசையே வராத ஒரு டைனமிக் மைக்கையும், அதை லாப்டாப்போடு சேர்க்கிற சின்னப் பெட்டி ஒன்றையும் கொடுத்தார். ப, ப என்று சொல்லும்போது மைக்கில் காற்று அடிக்காமல் இருக்க முன்னால் கட்டுகிற வலையையும் எடுத்து வைத்தார். அதை என் வீட்டுக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்மகிட்டயே இருக்குது" என்று திருப்பிக் கொடுத்தார். ஷோரூமில் வெறுங்காலோடு வருபவர்கள் ஷூ போட்டுப் பார்க்கும்போது மாட்டிக்கொள்கிற மெல்லிய நைலான் சாக்ஸ்தான் அது. எம்ப்ராய்டரி வளையத்தில் புதுசாக ஒன்றை இழுத்துக் கட்டினார். அச்சு அசல் அதேதான்.

ரூம் என்று எங்கள் வீட்டில் மிச்சமிருந்தது சாமான் அறை மட்டும்தான். அரிசி மூட்டை, கிறிஸ்துமஸ் ஸ்டார், ஓடாத மிக்சி இரண்டு. எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டோம். அங்கே கை தட்டினால் நாலு பேர் தட்டுகிற மாதிரி கேட்டது. "மெத்துனு எதையாவது" என்று இன்ஜினியர் சொன்னதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

தோல் துண்டு விற்கிற கடையிலிருந்து ஒரு மூட்டை வந்தது. ஷூவுக்குள் வைக்கிற நுரைத் தாள் ஒரு சுருள் வந்தது. ஒவ்வொரு தோல் துண்டின் முதுகிலும் நுரையை ஒட்டினார். பிறகு சுவரில் ஒட்டினார். ஒட்டியது என்று சொன்னால் போதாது. இருபத்திரண்டு வருஷம் தோல் வெட்டியவர். ஒரு துண்டின் வளைவில் இன்னொரு துண்டின் வளைவு போய் உட்கார்ந்தது, நடுவில் நூல் நுழைய இடமில்லை. கறுப்பு, காப்பிக் கலர், செர்ரிச் சிவப்பு, நடுவே ஒரு தங்க நிறம். பசை வாடையில் எங்கள் இரண்டு பேருக்கும் தலை கிறுகிறுத்தது. பசை வாடை அடித்தால் முதலில் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று என் கையிலிருந்த பாதுகாப்பு வசனத்திலேயே எழுதியிருந்தது. அதை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஜன்னலில்லாத அறையில் நின்றுகொண்டு அதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் பசை டப்பா கவிழ்ந்தது. வெளியே ஓடிவந்து வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். கல்யாணமான புதுசில்கூட நாங்கள் அப்படிச் சிரித்ததில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அறை முடிந்தது. பாபி இறங்கிவந்து பார்த்து வாயைப் பிளந்தார்.

"யா அல்லா! இன்னாம்மா இது, ஷோரூமா? இதுல போய் நீ மெஷின் பத்தி பேசப் போறியா? கல்யாணமே பண்ணலாம் போல!"

சுவர் முழுக்க பாலீஷ் போட்ட தோல் பளபளத்தது. என் முகம் அதில் தெரிந்தது. என் வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, ஆடிட் முடிந்த மாதிரி நின்றார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, மைக்குக்கு நேராக வாயை வைத்து, ஒரு பக்கம் படித்து அனுப்பினேன். அரை மணியில் பதில் வந்தது.

"மேடம், ரயில் போய்டுச்சு, ரொம்ப சந்தோஷம். ஆனா இப்ப ஏன் குடத்துக்குள்ள தலைய விட்டுப் பேசறீங்க?"

கேட்டுப் பார்த்தேன். உண்மைதான். பித்தளைக் குடம். வியாழக்கிழமை முழுக்க மைக்கை மூலைக்கு மூலை மாற்றினேன். உயரத்தைக் கூட்டினேன், குறைத்தேன். போர்வையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு வியர்த்து ஊற்றப் பேசினேன். குடம் போகவே இல்லை. சாயங்காலம் அந்தப் பளபளப்பான அறையில் தரையில் உட்கார்ந்து அழுதேன். கோயம்புத்தூர் அம்மாவை நினைத்து நினைத்து அழுதேன். பாவம், அவர் எனக்கு என்ன செய்தார்?

வெள்ளிக்கிழமை காலை. என் வீட்டுக்காரர் லீவு போட்டிருந்தார். கடைசியாக ஒரு தடவை என்று மூலைமூலையாகக் கை தட்டிக்கொண்டே வந்தேன். கதவுக்குப் பக்கத்து மூலையில் தட்டியபோது சத்தம் பொத்தென்று விழுந்து செத்துப்போனது. மறுபடி தட்டினேன். அதேதான். பார்த்தால், அங்கே பெரிய துண்டுகள் இரண்டு பசை விட்டுப் பிரிந்து, மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தன. பளபளப்பு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. நுரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் சவர நுரையோடு ஓடிவந்தார்.

"எல்லாத்தையும் திருப்பி ஒட்டணும். பளபளப்பு சுவர்ப் பக்கம், நுரை நம்ம பக்கம்."

அவர் முகம் மாறிவிட்டது. "முடியாது."

"ஏன் முடியாது?"

"இன்னா பேசற நீ? முகத்த சுவர்ல அப்பிட்டு, முதுகக் காட்டறதா? இருவத்திரெண்டு வருஷமா எத்தன பேர திட்டியிருக்கேன் தெரியுமா, ஒரு துண்டு முகம் மாறிப் போனதுக்கு! எவனாவது வந்து பாத்தா இன்னா நெனப்பான்?"

"எவன் வந்து பாக்கப் போறான் சாமான் ரூம? மைக்குக்குக் கண்ணா இருக்குது?"

"நான் பாப்பேன்ல."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. எனக்குக் கோபம் வந்தால் டைம் ஆபீஸ் குரல் வந்துவிடும். அதே குரலில் கேட்டேன். "ஷூவுல நுரை எங்க வரும்?"

"உள்ள."

"முகம்?"

"வெளிய."

"நான் எங்க உக்காந்து பேசறேன்?"

"உள்ள."

"அப்ப நான்தாங்க கால். இது ஷூ. நீங்க ஷூவ உள்ள வெளிய மாத்தி தச்சிருக்கீங்க. இருவத்திரெண்டு வருஷ சர்வீசுல இப்படி ஒரு ஷூ வந்தா இன்னா பண்ணுவீங்க?"

கன்னத்தில் நுரை காய அவர் அப்படியே நின்றார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ரிஜெக்ட்" என்றார் மெதுவாக. பாதி சவரத்தோடு போய் கத்தியை எடுத்துவந்தார்.

நாலு சாயங்காலமாக ஒட்டியதை மூன்று மணி நேரத்தில் பிரித்துத் திருப்பினார். நான் பசை தடவிக் கொடுத்தேன். இந்தத் தடவை கதவு திறந்திருந்தது, மேஜை ஃபேன் ஓடியது. செர்ரிச் சிவப்பைச் சுவரைப் பார்த்து ஒட்டும்போது மட்டும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முடிந்தபோது அறை, பிரித்துப் போட்ட மெத்தை மாதிரி அழுக்கு வெள்ளையாக, அவலட்சணமாக இருந்தது. உள்ளே போய்க் கை தட்டினேன். ஒன்றுமில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். ஒன்றுமே இல்லை! பைத்தியம் பிடித்த மாதிரி தட்டிக்கொண்டே சுற்றிச்சுற்றி வந்தேன். அவரும் உள்ளே வந்து தட்டினார். இரண்டு பேரும் சத்தமில்லாத அறையில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் தெரு தொழுகைக்குப் போய்விடும். கடைகள் ஷட்டரைப் பாதி இறக்கிவிடும், வண்டிகள் ஓய்ந்துவிடும். பாங்கு முடிகிறவரை காத்திருந்தேன். பாபி மெஷினை நிறுத்திவிட்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார். "நீ பேசும்மா. கீரைக்காரன் வந்தா நான் பாத்துக்கறேன்." என் வீட்டுக்காரர் ஃபேனை நிறுத்தினார், குக்கரை அடுப்பிலிருந்து இறக்கினார், கதவை வெளியிலிருந்து சாத்தினார். நான் வாயை மைக்கின் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனேன்.

"இந்த மெஷின்ல வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, அவசரப்படாம ஒரு நிமிஷம் நில்லுங்க..."

என் குரலே எனக்குப் புதுசாக இருந்தது. சுவர் ஒரு எழுத்தைக்கூடத் திருப்பித் தரவில்லை. ஒரு தடவைகூடத் தடுமாறாமல் நாலு பக்கமும் படித்து முடித்தேன். அனுப்பிவிட்டு, பாபி கொண்டுவந்த பிரியாணியைத் தொடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலரை மணிக்கு மெசேஜ் வந்தது.

"மேடம், எந்த ஸ்டுடியோவுக்குப் போனீங்க?"

நான் போட்ட கூச்சலுக்கு பாபி இறங்கிவந்து, விஷயம் தெரியாமலேயே என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார். பிரியாணி ஆறிப்போயிருந்தது. அப்படி ஒரு பிரியாணியை நான் சாப்பிட்டதே இல்லை.

இரண்டு மாதம் கழித்து முதல் வீடியோ எங்கள் கம்பெனியிலேயே ஓடியது. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சிரித்தார். சொல்ல வாயைத் திறப்பார், சிரிப்பு வந்துவிடும். நான் அதட்டிய பிறகுதான் சொன்னார்.

கேன்டீன் ஹாலில் பெண்கள் எல்லாரையும் உட்காரவைத்து வீடியோவைப் போட்டிருக்கிறார்கள். பத்தரை மணி, டீ நேரம்கூட ஆகவில்லை. ஸ்பீக்கரில் என் குரல் வந்ததும், பின்வரிசையில் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள்.

"டிபன் பையத் தூக்கிட்டாங்கம்மா! உன் ஒடுகத்தூர் அக்கா செருப்ப மாட்டிக்கினு வாசல் வரைக்கும் போய்ட்டாங்க. நான்தான் போய் கூட்டிக்கினு வந்தேன்."

"அக்கா இன்னா சொன்னாங்க?"

அவர் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. "திரும்பி வந்து உக்காந்தாங்க. கண்ணத் தொடச்சிக்கினாங்க. 'பஸ் அம்மா வந்துட்டாங்களா சார், இனிமே ஓட வேணாம்'னாங்க."

நான் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டும் வெளியே கேட்காது என்பது அந்த அறையில் ஒரு வசதி. மூக்கைச் சிந்திவிட்டு மைக்கைப் போட்டேன், பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஒடுகத்தூர் பஸ் ரெண்டாவது கேட்," என்றேன். "ஓடாம வாங்க, பஸ் நிக்கும்."

அந்தப் பதிவை நான் யாருக்கும் அனுப்பவில்லை, அழிக்கவும் இல்லை.